வட்டு வளர்ந்தது, இடம் வளரவில்லை

மெய்நிகர் கணினிக்குத் தனியாக ஒரு வட்டு கிடையாது. அதைச் சுமக்கும் கணினியிலுள்ள ஒரு பெரிய கோப்பைத்தான் அது தன் ஹார்ட் டிஸ்க் என்று நம்பிக்கொண்டிருக்கிறது. அதனால் 20 ஜிபி வட்டை 40 ஜிபி ஆக்குவது சில நொடி வேலை. ஆனால் அதன்பின் லினக்ஸுக்குள் போய் ‘டிஎஃப்’ கட்டளையைக் கொடுத்தால் பழைய 20 ஜிபிதான் நிற்கும்.

பக்கத்து மனையையும் வாங்கியாயிற்று; பத்திரத்தில் எல்லை மாறவில்லை, வீட்டையும் இழுத்துக் கட்டவில்லை. லினக்ஸில் அந்தப் பத்திரம் பார்ட்டிஷன் அட்டவணை. வீடு, கோப்பு முறைமை. ‘எல்எஸ்பிஎல்கே’ கட்டளை வட்டையும் பார்ட்டிஷனையும் தனித்தனி அளவோடு காட்டிவிடும். எந்தப் படியில் வேலை நின்றிருக்கிறது என்று அதைப் பார்த்தே சொல்லிவிடலாம்.

அட்டவணை இரண்டு வகை. பழையது எம்பிஆர். 32 பிட் எண்களால் செக்டர்களை எண்ணுவதால், 512 பைட் செக்டர்கள் உள்ள வட்டில் சுமார் 2 டிபிக்கு மேல் அதற்குக் கணக்குத் தெரியாது. புதியதான ஜிபிடி, தன் நகல் ஒன்றை வட்டின் கடைசியில் வைத்திருக்கும். வட்டை நீட்டியதும் அந்த நகல் நடுவழியில் நின்றுவிடுகிறது. ‘பார்ட்டட்’ கருவி எச்சரிப்பது இதற்காகத்தான்; பயப்பட ஒன்றுமில்லை, சரிசெய்யச் சொன்னால் நகலைக் கடைசிக்கு நகர்த்திவிடும்.

உண்மையான தொல்லை ஸ்வாப், அதாவது நினைவகம் போதாதபோது உதவும் வட்டு இடம். பழைய டெபியன், உபுண்டு நிறுவல்களில் எஸ்டிஏ1 முதன்மைப் பார்ட்டிஷன். அதை ஒட்டி எஸ்டிஏ2 என்ற உறை (எக்ஸ்டெண்டட் பார்ட்டிஷன்). அதற்குள் எஸ்டிஏ5 என்று ஸ்வாப். (எம்பிஆரில் 1 முதல் 4 வரையிலான எண்கள் முதன்மைப் பார்ட்டிஷன்களுக்கும் உறைக்கும் ஒதுக்கப்பட்டவை, அதனால்தான் இந்தத் தாவல்.) பார்ட்டிஷன் தொடர்ச்சியான இடத்தில்தான் வளர முடியும். புதிய இடமோ ஸ்வாப்புக்கு அப்பால் கிடக்கிறது. ஆகவே ‘ஸ்வாப்ஆஃப்’ கொடுத்து, ஸ்வாப்பையும் உறையையும் நீக்கி, எஸ்டிஏ1-ஐ ‘குரோபார்ட்’ கொண்டு நீட்ட வேண்டும். ஸ்வாப் வேண்டுமென்றால் அதை ஒரு கோப்பாகவே வைத்துக்கொள்ளலாம். என் கட்சி அதுதான். பழைய ஸ்வாப்பின் அடையாள எண்ணை ‘எஃப்எஸ்டேப்’ கோப்பிலிருந்து அழிக்க மறந்தால், அடுத்த முறை துவங்கும்போது இல்லாத பார்ட்டிஷனுக்காகக் கணினி ஒன்றரை நிமிடம் காத்துக்கிடக்கும்.

கோப்பு முறைமையை நீட்டும் கடைசிப் படி எளிது. எக்ஸ்ட்4 என்றால் ‘ரீசைஸ்2எஃப்எஸ்’, எக்ஸ்எஃப்எஸ் என்றால் ‘எக்ஸ்எஃப்எஸ்_குரோஎஃப்எஸ்’. இரண்டுமே கணினி ஓடிக்கொண்டிருக்கும்போதே முடியும்.

எல்விஎம் இருந்தால் ஸ்வாப் குறுக்கே நிற்பது பொருட்டல்ல. வட்டில் சிதறிக் கிடக்கும் துண்டுகளை அது ஒரே தொகுதியாகச் சேர்த்துவிடும். உபுண்டு சர்வரை எல்விஎம்மோடு நிறுவியவர்கள் வட்டை நீட்டும் முன் ‘விஜிஎஸ்’ கட்டளையைப் பார்ப்பது நல்லது. நிறுவும் நிரலே பெரும்பாலும் ஒரு பகுதியை யாருக்கும் கொடுக்காமல் ஒதுக்கி வைத்திருக்கும். வட்டைத் தொடாமலே இடம் கிடைத்துவிடும்.

சுருக்குவதோ வேறு சமாசாரம். வரிசை தலைகீழ்: முதலில் கோப்பு முறைமை, பிறகு பார்ட்டிஷன், கடைசியில் வட்டு. மாற்றிச் செய்தால் கோப்பு முறைமையின் வால் வெட்டுப்படும். எக்ஸ்ட்4-ஐ மவுன்ட் நீக்கிய பிறகே சுருக்க முடியும். ரூட் பார்ட்டிஷன் என்றால் லைவ் சிடியிலிருந்து துவக்க வேண்டும். எக்ஸ்எஃப்எஸ்ஸை நடைமுறையில் சுருக்கவே வழியில்லை. சிறிய வட்டு ஒன்றைப் புதிதாக உருவாக்கி, கோப்புகளை அதற்கு நகலெடுத்துக்கொள்வதே அங்கே சரியான வழி.