இரட்டையுடல் பாய்ப்படகு

காற்றின் விசையால் செல்லும் பந்தயப் படகுகளை அமைப்போருக்குத் தொன்றுதொட்டே ஒரு சிக்கல் உண்டு. பாய் பெரிதானால் வேகம் மிகும். ஆனால் அதே காற்று படகைப் பக்கவாட்டில் சாய்த்துக் கவிழ்க்கவும் முயலும். இதற்கு ஐரோப்பியரும் அமெரிக்கரும் கண்ட பரிகாரம் பளுவேயாகும். கல், இரும்பு, ஈயம் முதலியவற்றைப் படகின் அடியில் ஏற்றி அதை நிமிர்த்தி வைத்தனர். பளு கூடக்கூடப் படகு ஆழ்ந்து, விலக்க வேண்டிய நீரும் அதிகமாகும். பெரிய பாயினால் பெற்ற வேகத்தில் ஒரு பகுதி இவ்வாறு வீணாயிற்று.

இதற்கு மாற்று வழி காட்டியவர் நீராவி யந்திரத் தொழிற்சாலை ஒன்றில் பணியாற்றிய நத்தானியேல் ஹெரஷாஃப் என்னும் அமெரிக்கப் பொறியாளர். அவர் 1876-ஆம் ஆண்டில் அமைத்த ‘அமரில்லிஸ்’ என்ற படகு சுமார் 25 அடி நீளமுள்ளது. ஒடுங்கிய இரு உடல்கள் இடைவெளி விட்டு இணைக்கப்பட்டிருந்தன. காற்று சாய்க்கும்போது ஒரு பக்கத்து உடலின் மிதப்பும் மறுபக்கத்து உடலின் எடையும் சேர்ந்து எதிர்க்கும். ஆகவே ஈயம் வேண்டியதில்லை. அலைகளில் ஒவ்வோர் உடலும் தனித்தனியே ஏறி இறங்குமாறு பந்து-கிண்ண மூட்டுகளையும் அவர் பொருத்தினார். யந்திரங்களோடு பழகிய கையே இவ்வாறு சிந்தித்திருக்கும் எனலாம்.

மெல்லிய உடலுக்கு மற்றொரு நன்மையும் உண்டு. சாதாரணப் படகு ஓடுகையில் முன்னும் பின்னும் அலைகளை எழுப்பி, அவற்றின் பள்ளத்தில் தானே சிக்கிக்கொள்கிறது. நீர்மட்டத்தில் படகின் நீளத்தை அடியில் கணக்கிட்டு, அதன் வர்க்கமூலத்தை 1.34-ஆல் பெருக்கினால் அந்த வரம்பு ‘நாட்’ அளவில் கிடைக்கும். 25 அடிக்கு இது 6.7 நாட். ஒடுங்கிய உடல் எழுப்பும் அலை மிகச் சிறிது; ஆதலால் இவ்வரம்பு அதைப் பெரிதும் கட்டுப்படுத்துவதில்லை. அகன்ற பலகை ஒன்றையும், குறுகிய நீண்ட பட்டை ஒன்றையும் நீர்த்தொட்டியில் இழுத்துக் காட்டி ஆசிரியர்கள் இவ்வேறுபாட்டை மாணவர்களுக்கு விளக்கலாம்.

1876 ஜூன் மாதம் நியூயார்க்கில் நடந்த நூற்றாண்டு விழாப் பந்தயத்தில் ‘அமரில்லிஸ்’ ஏனைய படகுகளை எளிதில் முந்தியது. உடனே ஆட்சேபங்கள் எழுந்தன, வெற்றி மறுக்கப்பட்டது. பளு சுமக்கும் படகையும் பளுவற்ற படகையும் ஒரே தட்டில் நிறுப்பது முறையன்று என்பதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆயினும் வெற்றியை மறுத்ததோடு பலர் அக்கருத்தையே மறந்துவிட்டதுதான் பெருங்குறை. ஹெரஷாஃப் 1877-இல் காப்புரிமை பெற்று மேலும் சில படகுகளைச் செய்தபின், நீராவிப் படகுகளுக்கும் ஒற்றையுடல் படகுகளுக்கும் திரும்பினார். 1893 முதல் 1920 வரை அமெரிக்கக் கோப்பையைக் காத்து வென்ற படகுகள் அனைத்தும் அவர் அமைத்தவையே.

இவ்வகைப் படகுக்கு ஆங்கிலத்தில் வழங்கும் ‘கட்டமரான்’ என்னும் பெயர் ‘கட்டுமரம்’ என்ற தமிழ்ச் சொல்லின் திரிபு. ஆனால் சோழமண்டலக் கரையின் கட்டுமரம் மரங்களைச் சேர்த்துக் கட்டிய மிதவை. அதற்கு உள்ளீடற்ற உடல் கிடையாது. இரட்டையுடல் அமைப்போ பசிபிக் தீவினரின் பழைய செல்வம்.

அத்தீவுகளிலிருந்தே அது மீண்டும் தலையெடுத்தது. 1947-இல் ஹவாயில் ஊடி பிரவுன் என்பவர் தோழர்களுடன் ‘மனு காய்’ என்ற படகைக் கட்டினார். அவர் யந்திரமில்லா மிதவை விமானம் ஓட்டியவர்; எடையைக் குறைக்கும் விமானக் கட்டுமான முறையை அறிந்திருந்தார். இங்கும் புதுமை வேறொரு தொழிலிலிருந்தே வந்தது என்பது கவனிக்கத்தக்கது.

குறைகளை மறைப்பதற்கில்லை. ஈயம் தாங்கிய படகு சாய்ந்தாலும் பெரும்பாலும் நிமிரும். இரட்டையுடல் படகு முற்றிலும் கவிழ்ந்தால் தலைகீழாகவே உறுதியாக மிதக்கும். பலத்த காற்றில் அதன் முன்முனை அலைக்குள் புதைவதும் உண்டு.

அமெரிக்கக் கோப்பைக்காக 2013-இல் சான் பிரான்சிஸ்கோவில் மோதியவை 72 அடி நீள இரட்டையுடல் படகுகள். நீருக்கடியில் பொருத்திய சிறு இறக்கைகள் அவற்றை நீர்மட்டத்துக்கு மேலே தூக்கின. நீர் காற்றைவிட ஏறக்குறைய 800 மடங்கு அடர்த்தியுடையது. அதனால்தான் அத்தனை சிறிய இறக்கை அவ்வளவு எடையைத் தாங்குகிறது. வேகம் 40 நாட்டைத் தாண்டியது. 2021 போட்டியில் மீண்டும் ஒற்றையுடல் படகுகள் வந்தன. ஆனால் அடியில் ஈயக்கட்டை இல்லை. இரு பக்கமும் நீண்ட கரங்களில் பளுவான இறக்கைகள் இருந்தன. காற்று வீசும் பக்கத்துக் கரத்தை நீருக்கு வெளியே உயர்த்தி, அதன் எடையைக் கொண்டே படகை நிமிர்த்தினர்.