இந்திய அணி ஆட்டம் பார்க்க வெளிநாட்டுக்கு பஸ் டூர்: காஞ்சிபுரம் ரசிகர்கள் பணம் கட்டும் முன்பு இதை படியுங்கள்

காஞ்சிபுரம்:-

பஸ் கட்டி ஊர் சுற்றுவது காஞ்சிபுரத்துக்காரர்களுக்கு புதுசு இல்லை. புரட்டாசி வந்தால் திருப்பதி, கார்த்திகை பிறந்தால் சபரிமலை என்று தெருவுக்கு தெரு பஸ் புறப்படும். ஒருத்தர் முன்னே நின்று மாதா மாதம் பணம் பிரிப்பார். சமையல்காரர், கேஸ் அடுப்பு, அண்டா குண்டா எல்லாம் பஸ் டிக்கியில் ஏறும். 2019-ல் அத்திவரதர் 48 நாள் வெளியே வந்தபோது நாடு முழுக்க இருந்து பஸ் பஸ்சாக இங்கே வந்து இறங்கினார்கள்.

அதே பாணியில் இப்போது வேறு ஒரு டூர் நடக்கிறது. இந்திய கிரிக்கெட் அணி எந்த நாட்டுக்கு போகிறதோ அந்த நாட்டுக்கு ரசிகர்களை கும்பலாக கூட்டிப்போவது. விமானத்தில் இறக்கி, அங்கே சொகுசு பஸ்சில் ஏற்றி, ஆட்டம் நடக்கும் ஊர் ஊராக அழைத்துப்போய் திரும்ப கொண்டுவந்து விடுவார்கள். கேட்க ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் 10 நாள் தறி நின்றால் 10 நாள் கூலியும் நின்றது. டூர் பணம் ஒரு பக்கம், இந்த கூலி இன்னொரு பக்கம். இரண்டையும் கூட்டித்தான் கணக்கு போட வேண்டும்.

இதுபற்றிய விவரம் வருமாறு:-

ஆரம்பித்தது யார்?

அணியின் பின்னால் கும்பலாக நாடு நாடாக போகும் பழக்கத்தை பெரிதாக்கியவர்கள் இங்கிலாந்து ரசிகர்கள். 1994-95ல் ஆஸ்திரேலியாவில் இங்கிலாந்து அணி அடி மேல் அடி வாங்கியபோதும் விடாமல் பாட்டு பாடிக்கொண்டிருந்த கூட்டத்துக்கு 'பார்மி ஆர்மி' என்று பெயர் வந்தது. 1999 உலக கோப்பை இங்கிலாந்தில் நடந்தபோது அங்கே வாழும் இந்திய வம்சாவளி வாலிபர்கள் சிலர் 'பாரத் ஆர்மி' என்று ஆரம்பித்தார்கள். கொடி, மேளம் என்று நாலைந்து பேர் தொடங்கியது, பிறகு உலகம் முழுக்க ஆள் சேர்ந்து டூர் பேக்கேஜ் விற்கும் அளவுக்கு வளர்ந்துவிட்டது.

நம்ம தமிழ்நாட்டில் இதற்கு ஒரு சின்ன ஒத்திகை 2018-ல் நடந்தது. காவிரி போராட்டத்தால் சென்னை ஆட்டங்கள் புனேவுக்கு மாற்றப்பட்டன. சென்னை சூப்பர் கிங்ஸ் நிர்வாகம் ஏப்ரல் 19-ந் தேதி 'விசில் போடு எக்ஸ்பிரஸ்' என்று தனி ரெயில் விட்டு சுமார் ஆயிரம் ரசிகர்களை இலவசமாக கூட்டிப்போனது. மறுநாள் ராஜஸ்தானுக்கு எதிராக வாட்சன் சதம் அடித்தார். அது ஓசி. வெளிநாட்டு டூர் அப்படி இல்லை.

2004: மறக்க முடியாத பயணம்

இந்திய ரசிகர்கள் எல்லை தாண்டி போனதில் இன்றைக்கும் பேசப்படுவது 2004 மார்ச், ஏப்ரல் மாத பாகிஸ்தான் பயணம்தான். கார்கில் சண்டை நடந்து 5 வருடம்கூட முழுசாக ஆகவில்லை. பாராளுமன்ற தாக்குதலுக்கு பிறகு நின்றுபோன டெல்லி-லாகூர் பஸ் 2003 ஜூலையில்தான் மறுபடி ஓடத் தொடங்கி இருந்தது. அந்த நேரத்தில் கிரிக்கெட் பார்ப்பதற்கு என்றே ஆயிரக்கணக்கான இந்தியர்களுக்கு பாகிஸ்தான் விசா கொடுத்தது. பஸ்சிலும், ரெயிலிலும், வாகா எல்லையில் நடந்தும் ஜனங்கள் போனார்கள்.

பயந்துகொண்டே போனவர்கள் திரும்பி வந்து சொன்ன கதை வேறு. லாகூர் கடைத்தெருவில் இந்தியாவில் இருந்து வந்திருக்கிறோம் என்றால் சாப்பாட்டுக்கு காசு வாங்க மாட்டேன் என்கிறார்கள், ஆட்டோக்காரர் வாடகை வேண்டாம் என்கிறார் என்று அப்போது பத்திரிகைகளில் பக்கம் பக்கமாக வந்தது.

கிரிக்கெட்டும் சும்மா இல்லை. கராச்சி முதல் ஒரு நாள் போட்டியில் இந்தியா 349 ரன் எடுத்தும் 5 ரன்னில்தான் ஜெயித்தது. ஒரு நாள் தொடர் 3-2 என்று நமக்கு. முல்தான் டெஸ்டில் ஷேவாக் 309 அடித்தார். இந்தியர் ஒருவர் டெஸ்டில் 300 தொட்டது அதுதான் முதல் முறை. ராவல்பிண்டியில் டிராவிட் 270. டெஸ்ட் தொடர் 2-1. பாகிஸ்தான் மண்ணில் இந்தியா டெஸ்ட் தொடரை ஜெயித்ததும் அதுவே முதல் தடவை.

இதில் நம்ம ஊர்க்காரர் ஒருவருக்கு கிடைத்த வரவேற்பு இருக்கிறதே! சென்னை பையன் லட்சுமிபதி பாலாஜி, சோயிப் அக்தர் பந்தை சிக்சருக்கு தூக்கினார். சிரித்த முகத்தோடு அவர் வந்து நின்றாலே பாகிஸ்தான் ரசிகர்கள் பெயர் சொல்லி கத்தினார்கள். அதற்கு 5 வருடம் முன்பு, 1999 ஜனவரி 31-ந் தேதி சேப்பாக்கத்தில் 12 ரன்னில் இந்தியா தோற்றபோது, ஜெயித்த பாகிஸ்தான் அணிக்கு சென்னை ரசிகர்கள் எழுந்து நின்று கைதட்டியதும் உண்டு. மொய் திரும்பி வந்த மாதிரி.

அந்த மாதிரி ஒரு பயணம் இன்றைக்கு கிடையாது. 2008 ஆசிய கோப்பைக்கு பிறகு இந்திய அணி பாகிஸ்தானுக்கு போய் ஆடவில்லை. டெல்லி-லாகூர் பஸ் 2019 ஆகஸ்டில் நின்றது. 2025 சாம்பியன்ஸ் கோப்பையை நடத்தியது பாகிஸ்தான். ஆனால் இந்தியாவின் எல்லா ஆட்டமும் துபாயில் நடந்தது. மார்ச் 9-ந் தேதி இறுதிப்போட்டியும் துபாய்க்கே வந்து, நியூசிலாந்தை வீழ்த்தி இந்தியா கோப்பையை தூக்கியது.

இதில் டூர் போகிறவர்களுக்கு ஒரு சேதி இருக்கிறது. அட்டவணை வெளிவரும் முன்பே "இந்த ஊரில்தான் ஆட்டம், இப்போதே புக் பண்ணுங்க" என்று யாராவது சொன்னால் பணத்தை எடுக்காதீர்கள்.

இந்தியா இல்லாத ஆட்டத்துக்கு டிக்கெட்

2007 உலக கோப்பை மேற்கிந்திய தீவுகளில் நடந்தது. ஏப்ரல் 15-ந் தேதி பார்படாசில் இந்தியாவும் பாகிஸ்தானும் மோதும் என்று எல்லோரும் கணக்கு போட்டிருந்தார்கள். அதை நம்பி டிக்கெட், ஓட்டல் எல்லாம் விற்றது. ஆனால் வங்காளதேசத்திடமும் இலங்கையிடமும் தோற்று இந்தியா முதல் சுற்றிலேயே மூட்டை கட்டியது. பாகிஸ்தான் அயர்லாந்திடம் தோற்று அதுவும் வெளியே. கடைசியில் அந்த நாளில் பார்படாசில் ஆடியது யார் தெரியுமா? வங்காளதேசமும் அயர்லாந்தும்!

2019-ல் இங்கிலாந்திலும் இதே கதைதான். அரை இறுதியில் நியூசிலாந்திடம் 18 ரன்னில் தோற்றோம். லார்ட்ஸ் இறுதிப்போட்டி டிக்கெட்டோ இந்தியர்கள் கையில் குவிந்து கிடந்தது. "வரவில்லை என்றால் அதிகாரப்பூர்வ தளத்தில் திருப்பி விற்றுவிடுங்கள்" என்று நியூசிலாந்து வீரர் நீஷமே கேட்டுக்கொள்ள வேண்டி வந்தது.

மழை இன்னொரு எமன். 2023 ஆசிய கோப்பையில் செப்டம்பர் 2-ந் தேதி கண்டி பல்லேகலேவில் இந்தியா 266 எடுத்ததோடு சரி, பாகிஸ்தான் மட்டை பிடிக்கவே இல்லை. மழையில் ஆட்டம் முடிவில்லாமல் போனது. அதே போட்டியின் இறுதி ஆட்டம் கொழும்பில். சிராஜ் 6 விக்கெட் சாய்க்க இலங்கை 50 ரன்னில் சுருண்டது. இந்தியா 6.1 ஓவரில் முடித்துவிட்டது. நாள் முழுக்க பார்க்கலாம் என்று போனவர்கள் இரண்டு அணியும் சேர்ந்து 22 ஓவர்கூட ஆடாமல் எழுந்து வந்தார்கள். ஜெயித்த சந்தோஷத்தில் யாரும் குறை சொல்லி இருக்க மாட்டார்கள், அது வேறு விஷயம்.

ஆகவே சுற்று ஆட்டங்களை பார்க்கும் பேக்கேஜ்தான் பத்திரம். அந்த ஆட்டங்களில் இந்தியா ஆடுவது முன்கூட்டியே உறுதி.

பேக்கேஜில் என்ன இருக்கும்?

விமான டிக்கெட், ஓட்டல், பஸ், ஆட்ட டிக்கெட் ஆகிய நாலும் சேர்ந்ததுதான் பேக்கேஜ். தகராறு வருவதெல்லாம் நாலாவதில்தான். "டிக்கெட் அங்கே போனதும் கையில் தருவோம்" என்பார்கள். போன பிறகு கையை விரித்தால் வெளிநாட்டு தெருவில் நின்று யாரிடம் சண்டை போடுவது? பெரிய போட்டிகளுக்கு ஐ.சி.சி. அதிகாரப்பூர்வ டூர் ஏஜெண்டுகளை அறிவிப்பது வழக்கம். பட்டியல் அதன் இணையதளத்திலேயே வரும். அதில் பெயர் இருக்கிறதா என்று செல்போனிலேயே பார்த்துவிடலாம். பிளாக்கில் வாங்கிய டிக்கெட்டை மைதான வாசலில் செல்லாது என்று சொல்லவும் அவர்களுக்கு உரிமை உண்டு.

டிரைவர் காத்திருக்க மாட்டார்

நம்ம ஊர் டூரில் டிரைவர் ராத்திரி முழுக்க ஓட்டுவார். டீ குடித்துவிட்டு மறுபடி ஓட்டுவார். ஐரோப்பாவிலும் இங்கிலாந்திலும் இந்த பேச்சே கிடையாது. நாலரை மணி நேரம் ஓட்டினால் 45 நிமிடம் கட்டாய ஓய்வு. ஒரு நாளைக்கு 9 மணி நேரம்தான் ஓட்டலாம், வாரத்தில் இரண்டு நாள் மட்டும் 10 மணி நேரம். ஓட்டிய நேரத்தை பஸ்சில் உள்ள கருவியே பதிவு செய்துவிடும். மீறினால் டிரைவருக்கும் கம்பெனிக்கும் அபராதம்.

அதனால் "ஆட்டம் முடிந்து கொஞ்சம் கொண்டாடிவிட்டு வருகிறோம் அண்ணே" என்று ஒருத்தர் லேட் பண்ணினால் மொத்த பஸ்சும் மாட்டிக்கொள்ளும். டிரைவர் நேரம் முடிந்துவிட்டால் வழியிலேயே நிறுத்திவிடுவார். கெஞ்சினாலும் நடக்காது.

கசகசா ஜாக்கிரதை

டூர் என்றால் கட்டுசாதம் இல்லாமல் நமக்கு ஆகாது. மந்தாரை இலையில் வேகவைத்த காஞ்சிபுரம் கோவில் இட்லி இரண்டு நாள் தாங்கும் என்று எடுத்துவைக்க தோன்றும். ஆஸ்திரேலியா போவதாக இருந்தால் இட்லியோ, பொடியோ, ஊறுகாயோ, பால் இனிப்போ, எதுவானாலும் விமான நிலைய படிவத்தில் எழுதிக்கொடுக்க வேண்டும். மறைத்தால் கடும் அபராதம்.

துபாய்க்கு போகிறவர்கள் முக்கியமாக கவனிக்க வேண்டியது கசகசா. குருமாவுக்கு போடும் அதே கசகசாதான். அங்கே அது தடை செய்யப்பட்ட பொருள். ஒரு சின்ன பொட்டலம் பையில் இருந்தாலும் ஜெயில் வரை போகும். இருமல் மருந்து, வலி மாத்திரைகளில் சிலதுக்கும் கட்டுப்பாடு உண்டு. டாக்டர் சீட்டு இல்லாமல் எடுத்துப்போகக் கூடாது.

10-ம் வகுப்பு பாஸ் ஆகாதவர்கள்

தறியில் உட்கார்ந்தவர்களில் பலர் படிப்பை பாதியில் விட்டவர்கள். 10-ம் வகுப்பு முடிக்காதவர்களுக்கு பாஸ்போர்ட்டில் 'ஈ.சி.ஆர்.' என்று குறிப்பு வரும். அரபு நாடுகள், மலேசியா உள்பட 18 நாடுகளுக்கு வேலைக்கு போவதாக இருந்தால் அவர்கள் தனியாக அனுமதி வாங்க வேண்டும். டூருக்கு இது தேவை இல்லை. ஆனால் திரும்பி வரும் விமான டிக்கெட், ஓட்டல் புக்கிங் கையில் இருக்கட்டும், விமான நிலையத்தில் கேட்பார்கள். "ஈ.சி.ஆர். எடுத்துத்தருகிறேன், 10 ஆயிரம் கொடு" என்று எவனாவது சொன்னால் ஏமாற்று வேலை.

சாதாரண பாஸ்போர்ட்டுக்கு அரசு கட்டணம் ரூ.1,500. தட்கல் என்றால் மேலே ரூ.2,000. ஏற்கனவே வைத்திருப்பவர்கள் இன்னும் 6 மாதத்துக்கு மேல் செல்லுபடி இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

பக்கத்தில் இலங்கை

கையை கடிக்காமல் போக இலங்கைதான் வசதி. நாகப்பட்டினத்தில் இருந்து காங்கேசன்துறைக்கு கப்பல் 2023 அக்டோபர் 14-ந் தேதி தொடங்கி, நடுவில் நின்று, 2024 ஆகஸ்டில் மறுபடி ஆரம்பித்தது. கடலில் சுமார் 4 மணி நேரம். அங்கிருந்து யாழ்ப்பாணம் வழியாக கொழும்புக்கு பஸ்சில் 400 கிலோ மீட்டர். தம்புல்லா, கண்டி மைதானங்களுக்கும் ரோடு உண்டு. யாழ்ப்பாணத்தில் இறங்கியதும் தமிழிலேயே பேசலாம், பாஷை பிரச்சினை இல்லை.

ஒரே சிக்கல், கடல் சரியில்லை என்றால் கப்பலை ரத்து செய்வார்கள். வடகிழக்கு பருவமழை நேரத்தில் நம்பவே முடியாது. தெருவில் பாவு போட முடியாமல் நெசவாளி சும்மா இருப்பதும் அதே மழைக்காலம்தான். லீவு இருக்கும்போது கப்பல் இருக்காது!

பணம் கட்டும்போது

வெளிநாட்டு டூர் பேக்கேஜுக்கு 2020 அக்டோபர் முதல் டூர் கம்பெனிகள் தனியாக ஒரு வரியை பிடிக்கின்றன. சதவீதம் பட்ஜெட்டுக்கு பட்ஜெட் மாறும். இது போன பணம் இல்லை. உங்கள் பான் எண்ணில் வரவு வைக்கப்படும். வருமான வரி கட்ட வேண்டிய அளவு சம்பாத்தியம் இல்லாதவர்களும் ரிட்டர்ன் தாக்கல் செய்து திரும்ப வாங்கலாம். பான் எண் கேட்காமல் "வரி" என்று பணம் வாங்கினால் உஷார்.

தெருவில் ஒருத்தர் முன்நின்று சீட்டு மாதிரி பிரிப்பதாக இருந்தாலும், பணம் அவர் கணக்குக்கு போகாமல் டூர் கம்பெனி வங்கி கணக்குக்கு ஒவ்வொருவர் பெயரிலும் நேராக போவது நல்லது. ரசீதில் ஓட்டல் பெயர், எத்தனை ஆட்டம், எந்த ஸ்டாண்டு டிக்கெட், டூர் ரத்தானால் எவ்வளவு திரும்ப வரும் என்ற நாலும் எழுதி இருக்க வேண்டும். வாயால் சொன்னது கணக்கில் வராது. பிரச்சினை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு இலவசமாக பேசலாம், தமிழிலும் புகார் சொல்லலாம். அதற்கும் சரிவரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வக்கீல் இல்லாமலேயே மனு கொடுக்கலாம். அங்கே முதலில் கேட்பது அந்த ரசீதைத்தான்.