ஊருக்குப் போகும்போது உறைமோர்

கோடை விடுமுறை வந்தால் நம் சங்கக் குடும்பங்களில் பாதிப்பேர் ரயிலேறிவிடுவோம். பால்காரருக்கும் பேப்பர்காரருக்கும் சொல்லிவிடுவோம், உறைமோரை மறந்துவிடுவோம். திரும்பி வந்து கடைத் தயிரில் ஒரு ஸ்பூன் விட்டுத் தோய்த்துக்கொள்ளலாம்தான். ஆனால் எங்கள் வீட்டு உறை, 1986 இல் என் மாமியார் மயிலாடுதுறையிலிருந்து சிறிய எவர்சில்வர் தூக்கில் செகந்திராபாத்துக்குக் கொண்டுவந்தது. அவர் இப்போது இல்லை.

மூன்று வருடங்களுக்கு முன் மகளின் பிரசவத்துக்காகப் புனே போய் இரண்டு மாதம் தங்கிவிட்டோம். மீதித் தயிரை அப்படியே ஃபிரிட்ஜில் வைத்திருந்தேன். வந்து திறந்தால் மேலே பச்சைப் பூஞ்சணம். மனைவி ஒன்றும் சொல்லவில்லை. கிண்ணத்தைக் கழுவிக் கவிழ்த்தாள். நல்லவேளையாக, எப்போதோ எங்களிடம் உறை வாங்கிய எதிர்வீட்டுத் தெலுங்கு அம்மா அதையே நாள் தவறாமல் தோய்த்து வந்திருந்தார். தெலுங்கில் உறைக்குத் 'தோடு' என்று பெயர். துணை என்றும் அதற்குப் பொருள். (நம் தோடு காதில் போடுவது!)

என் தவறு எங்கே என்று பிறகு யோசித்தேன். தயிரில் இருப்பது உயிருள்ள நுண்ணுயிர்கள். பாலிலுள்ள சர்க்கரையைத் தின்று அமிலத்தை விடுகின்றன. அதனால்தான் பால் உறைகிறது. புளிக்கப் புளிக்க அந்த அமிலமே அவற்றைக் கொல்லும். பூஞ்சணத்துக்கோ புளிப்பு ஒரு பொருட்டல்ல. குளிரில் இந்த வேலை மெதுவாகுமே தவிர நிற்காது. நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் நீராவி எஞ்சினை ஷெட்டில் நிறுத்தும்போது நெருப்பை அணைக்காமல் அடக்கி வைப்பார்கள். உறையையும் அப்படித்தான் அடக்க வேண்டும்.

புறப்படுவதற்கு முந்தின நாள் புதிதாகத் தோய்த்து, கெட்டியானதும், புளிக்குமுன்பே ஃபிரிட்ஜில் வையுங்கள். ஒரு வாரத்துக்கு இது போதும். அதற்கு மேல் என்றால் சுத்தமான சிறு டப்பாக்களில் இரண்டு மூன்று ஸ்பூன் வீதம் போட்டு, இறுக மூடி, ஃபிரீசரில் வையுங்கள். சில உயிர்கள் மடியும், மிஞ்சியவை போதும்.

வந்தவுடன் ஒரு லிட்டர் பாலில் விட்டுவிடாதீர்கள். காய்ச்சி ஆறவைத்த பால் ஒரு டம்ளர், விரல் பொறுக்கும் சூட்டில், சுமார் 40 டிகிரி இருக்கட்டும். அதில் டப்பாவிலுள்ளது முழுவதையும் விடுங்கள். முதல் தடவை நேரமாகும், தயிர் நெகிழ்ந்தும் இருக்கும். அதிலிருந்து எடுத்து மறுபடி தோய்த்தால் சரியாகிவிடும். நிறம் மாறினாலோ கெட்ட வாடை வந்தாலோ யோசிக்காமல் கொட்டிவிடுங்கள்.

சான்பிரான்சிஸ்கோவில் 1849 இல் தொடங்கிய பூடின் ரொட்டிக்கடையில், 1906 நிலநடுக்கத்தின்போது புளித்த மாவை ஒரு வாளியில் எடுத்துக் காப்பாற்றினார்கள் என்று சொல்வார்கள். படித்துக் காட்டினேன். "தூக்கு இல்லையாக்கும்" என்றாள் மனைவி.

கண்டிப்பாகச் சொன்னால் இது மாமியாரின் உறையேதானா என்பது சந்தேகம். இத்தனை வருடத்தில் இந்த ஊர்ப் பாலும் பாத்திரமும் காற்றும் தங்கள் பங்கைச் சேர்த்திருக்கும். இதை நான் வீட்டில் சொல்லவில்லை.

இந்த முறை புனே போகுமுன் ஃபிரீசரில் இரண்டு டப்பா வைத்தாயிற்று. மின்சாரம் போனால்? அதற்காக எதிர்வீட்டில் ஒரு கிண்ணம்.