முதலில் பரிசோதனை, பிறகு பதவி விலகல்
அலுவலகப் பணியிலிருந்து லாரி ஓட்டும் பணிக்கு மாற எண்ணுவோருக்கும் அவர்தம் குடும்பத்தாருக்கும்

அலுவலக வேலையை விட்டுவிட்டு லாரி ஓட்டப் போவதாக ஒருவர் வீட்டில் அறிவித்தால், முதலில் எழும் கேள்வி வருமானத்தைப் பற்றியது. அடுத்தது, உறவினர் என்ன சொல்வார்கள் என்பது. உடல் இதற்கு ஈடுகொடுக்குமா என்ற கேள்வி கடைசியாகவே வருகிறது. சில வீடுகளில் வருவதே இல்லை. உரிமத்திற்கான மருத்துவச் சான்றிதழ் கேட்டு எங்களிடம் வரும்போதுதான் பலர் அதனை முதன்முறையாக எதிர்கொள்கிறார்கள். அதற்குள் பதவி விலகல் கடிதத்தையும் கொடுத்து முடித்திருப்பார்கள்.

நாமக்கல், சங்ககிரி போன்ற ஊர்களில் லாரித் தொழில் தலைமுறைத் தொழில். அங்கே இளமையில் கிளீனராக வண்டியேறி, ஓட்டுநரின் அருகிலிருந்து இரவு விழிப்புக்கும் வழிச் சாப்பாட்டுக்கும் பழகிய பிறகே ஸ்டியரிங்கைப் பிடித்தவர்கள் பலர். நாற்பது வயதில் கணக்குப் பிரிவை விட்டு வருபவருக்கு அந்தப் பயிற்சிக் காலம் கிடைப்பதில்லை. அந்த வயதுக்குரிய சர்க்கரையும் இரத்த அழுத்தமும் அவரோடு சேர்ந்தே வண்டியேறுகின்றன. ஆயினும் இந்த விருப்பத்தை நாங்கள் குறைத்து மதிப்பிடவில்லை. உழைத்து வாழும் கண்ணியமான தொழில் இது. அதனை நல்ல உடல்நிலையோடு பல்லாண்டு செய்ய வேண்டும் என்பதே எங்கள் அக்கறை.

இருக்கை மாறினும் அமர்தல் மாறாது

நாற்காலியில் உட்கார்ந்தே உடம்பு கெட்டது, லாரிக்குப் போனால் தேறிவிடும் என்று சிலர் நம்புகிறார்கள். லண்டன் பேருந்து ஊழியர்களை ஆராய்ந்த ஜெரி மாரிஸ் என்ற மருத்துவரும் அவருடைய குழுவினரும் 1953ஆம் ஆண்டு லான்செட் இதழில் தம் முடிவுகளை வெளியிட்டனர். நாள் முழுதும் அமர்ந்திருந்த ஓட்டுநர்களிடம் இதய இரத்தக்குழாய் நோய் மிகுதியாக இருந்தது. அதே பேருந்துகளில் மாடிப்படி ஏறியிறங்கிப் பயணச்சீட்டு வழங்கிய நடத்துநர்களிடம் அது குறைவாக இருந்தது. ஓட்டுநர்கள் பணியில் சேரும்போதே சற்றுப் பருமனாக இருந்தனர் என்பதையும் அதே குழுவினர் பின்னர்க் கண்டறிந்தனர். இரண்டு செய்திகளும் நமக்குப் பாடமே. ஓட்டுநர் வேலையும் அமர்ந்து செய்யும் வேலைதான். அதில் நுழையும்போது நாம் என்ன உடலோடு நுழைகிறோம் என்பதும் முக்கியம்.

அலுவலக நாற்காலியில் இல்லாத சில சுமைகளும் லாரியில் உண்டு. இடைவிடாத அதிர்வு முதுகெலும்பின் வட்டுகளைத் தாக்குகிறது. நிறுத்த இடம் கிடைக்காதென்று தண்ணீரைக் குறைப்பவர்களுக்குச் சிறுநீரகக் கல் உருவாக வாய்ப்பு அதிகம். நேரம் தவறிய உணவு சர்க்கரையின் கட்டுப்பாட்டைக் குலைக்கிறது.

உறக்கம் என்னும் முதற் பாதுகாப்பு

தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் கவனமும் கைவேகமும், 100 மில்லி லிட்டர் இரத்தத்தில் 50 மில்லி கிராம் மது இருப்பவரின் அளவுக்குக் குறைந்துவிடுவதாக ஆய்வுகள் காட்டியுள்ளன. வாகனம் ஓட்டுவோருக்கு நம் நாட்டுச் சட்டம் விதித்துள்ள வரம்பு 30 மில்லி கிராம். ஒரு துளி மதுவும் தொடாதவர்கூட, உறக்கமின்மையால் அந்த வரம்பைக் கடந்தவரைப் போல் ஆகிவிடலாம். நள்ளிரவு 2 மணி முதல் விடியல் வரையிலும், பிற்பகலிலும் உறக்கம் இயல்பாகவே கண்ணை அழுத்தும்.

1961ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் பொதுவாக நாளொன்றுக்கு 8 மணி நேர வேலையையும், 5 மணி நேரத்திற்கு மேல் போகாமல் குறைந்தது அரை மணி இடைவேளையையும் வகுத்திருந்தது. ஆனால் லோடு இறக்குவதற்காகப் பகல் முழுதும் வரிசையில் காத்திருந்து, இரவில் வண்டியை எடுக்கும் நாள்கள் இத்தொழிலில் உண்டு. காத்திருந்த நேரத்தை மற்றவர்கள் ஓய்வு என்று கணக்கிடலாம். உடல் அதனை விழிப்பாகவே கணக்கிடும்.

இங்கே மனைவியின் சாட்சியம் எங்களுக்கு மிகவும் வேண்டும். உரத்த குறட்டை, உறக்கத்தில் மூச்சு நின்று திணறி மீளுதல், காலையில் தலைவலி, பகலில் கண் சொக்குதல் ஆகியவை உறக்க மூச்சுத் தடையின் அறிகுறிகள். உறங்குபவருக்கு இவற்றுள் பாதி தெரியாது. பருத்த கழுத்தும் உடற்பருமனும் உள்ளவர்களிடம் இந்நோயைக் குறிப்பாகத் தேட வேண்டும். உறக்க ஆய்வு செய்து, முகமூடிக் கருவியைத் தவறாமல் பயன்படுத்துபவர்கள் பெரும்பாலும் நன்கு தேறிவிடுகிறார்கள்.

சர்க்கரை தாழும் நொடி

இன்சுலினும், கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரைகளும் சர்க்கரையைத் தாழ்நிலைக்குக் கொண்டுசெல்லக் கூடியவை. மெட்பார்மின் மட்டும் உட்கொள்பவருக்கு அந்த ஆபத்து மிகக் குறைவு. அலுவலகத்தில் கை நடுங்கினால் அடுத்த மேசைக்காரர் காபி வாங்கித் தருவார். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் லாரியோ, ஓட்டுநர் 3 நொடி நினைவு தடுமாறினால் 50 மீட்டர் தூரம் கடந்துவிடும்.

ஆகவே இம்மருந்துகளை உட்கொள்வோர் வண்டி எடுக்கும் முன்பும், பின்னர் 2 மணி நேரத்திற்கு ஒருமுறையும் சர்க்கரையை அளந்து பார்க்க வேண்டும். அளவு 90க்குக் கீழ் இருந்தால் முதலில் உண்ண வேண்டும். 70க்குக் கீழ் இறங்கினால் வண்டியை ஓரங்கட்டி, குளுக்கோஸ் உட்கொண்டு, சர்க்கரை இயல்புக்குத் திரும்பிய பின்னும் 45 நிமிடங்கள் ஓட்டக் கூடாது. கேபினின் வெப்பம் இன்சுலினைக் கெடுக்கும். ஈரமண் நிரப்பிய சிறு மண்பானைக்குள் வைத்த டப்பாவில் அதனைக் காப்பது நம் ஊரில் பலர் கையாளும் எளிய வழி. சளிக்கும் அரிப்புக்கும் கடையில் வாங்கும் குளோர்பெனிரமின் போன்ற மாத்திரைகள் உறக்கம் தருபவை, கேட்காமல் உட்கொள்ளாதீர்கள்.

சான்றிதழில் எழுதாமல் விட முடியுமா?

போக்குவரத்து வாகன உரிமத்திற்குப் படிவம் 1ஏ என்னும் மருத்துவச் சான்றிதழ் தேவை. வலிப்பு, திடீர் மயக்கம் உண்டா, பகல் வெளிச்சத்தில் 25 மீட்டர் தொலைவிலுள்ள வண்டி எண்ணைப் படிக்க முடிகிறதா, சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய முடிகிறதா, மாலைக்கண் உண்டா என்பன உரிமம் கோருவோர் விடையளிக்க வேண்டிய கேள்விகளுள் சில. “வலிப்பு வந்து நாளாயிற்று, அதனை மட்டும் எழுத வேண்டாம்” என்று குடும்பத்தார் கண்ணீரோடு கேட்பதுண்டு. அந்தக் கண்ணீரின் காரணம் எங்களுக்குத் தெரியும். பழைய வேலை போய்விட்டது. புதிய வேலைக்கு இந்தத் தாள் ஒன்றே வழி. இருந்தும் எங்களால் அவ்வாறு எழுத முடியாது. நெடுஞ்சாலையில் எதிரே வருபவருக்கும் ஒரு குடும்பம் உண்டு.

இந்த இக்கட்டு பெரும்பாலும் வரிசை மாறியதால் விளைவது. வேலை கையில் இருக்கும்போது வரும் மருத்துவ முடிவு ஒரு செய்தி. வேலையை விட்ட பிறகு வந்தால் அதுவே இடியாகிறது. அப்போதுதான் மறைக்கும் எண்ணம் தோன்றுகிறது. போக்குவரத்து வாகனத்திற்குப் பழகுநர் உரிமம் பெறும் முன் இலகுரக வாகன உரிமம் ஓராண்டாவது இருந்திருக்க வேண்டும் என்பது சட்டம். காரே ஓட்டியிராதவருக்கு அந்த ஓராண்டு நல்ல அவகாசம்.

பணியை விடுமுன் செய்ய வேண்டியவை

• இரத்த அழுத்தம், சர்க்கரையின் மூன்று மாதச் சராசரி, கொழுப்பு, சிறுநீரகச் செயல்பாடு, இசிஜி ஆகியவற்றைப் பார்த்துவிடுங்கள்.
• கண் மருத்துவரிடம் பார்வை, நிறமறிதல், கண்புரை, விழித்திரை ஆகிய நான்கையும் சோதியுங்கள்.
• உட்கொள்ளும் எல்லா மருந்துகளையும் கொண்டுவந்து காட்டுங்கள். பயணத்திற்கேற்ப மாற்றக் கூடியவற்றை மாற்றித் தருகிறோம்.
• குறட்டையைப் பற்றிச் சொல்ல, உடன் உறங்குபவரை அழைத்து வாருங்கள்.
• விடுப்பெடுத்து, அறிந்த ஓட்டுநர் ஒருவருடன் சில நாள்கள் பயணம் செய்து பாருங்கள். முதுகும் உறக்கமும் எப்படி இருந்தன என்று குறித்து வையுங்கள்.

சிலரிடம் வேண்டாம் என்று சொல்ல நேரிடும். கட்டுக்குள் வராத வலிப்பு, முன்னறிகுறியின்றித் தாழும் சர்க்கரை, சிகிச்சை பெறாத உறக்க மூச்சுத் தடை, அண்மையில் வந்த மாரடைப்பு ஆகியவை அத்தகையவை. இவற்றுள் சில சிகிச்சைக்குப் பின் மாறக்கூடும். அப்போது மறுபடி பார்க்கலாம். லாரித் தொழிலில் புக்கிங் அலுவலகம், கணக்கு, வண்டிப் பராமரிப்பு என்று வேறு இடங்களும் உண்டு. அலுவலக அனுபவம் அங்கே வீணாகாது.

பெரும்பாலானோரிடம் நாங்கள் சொல்வது, இவற்றைச் சரிசெய்துகொண்டு செல்லுங்கள் என்பதே. இரத்த அழுத்தத்தைக் கட்டுப்படுத்தவும், புதிய கண்ணாடி போடவும், உறக்கக் கருவிக்குப் பழகவும் சில மாதங்கள் போதும். அந்த மாதங்களின் சம்பளத்தைப் பழைய வேலையிலிருந்தே பெற்றுக்கொள்ளுங்கள்.