உங்களுக்குத் தெரியுமா? மீன் விடுவதற்கு முன் இறால் போடுவார்கள்!

கடல்நீர் மீன்தொட்டியில் முதலில் குடியேற வேண்டியது மீன் அல்ல, பாக்டீரியா. 100 லிட்டர் சுத்திகரித்த நீரில் சுமார் 3.5 கிலோ கடல் உப்புக் கலவையைக் கரைத்து (சமையல் உப்பு உதவாது), மணலும் பாறையும் இட்டதும் தொட்டி தயாரானது போலத்தான் தெரியும். அவசரப்பட்டு மீன்களை விட்டால், தங்கள் கழிவின் அம்மோனியாவே அவற்றைக் கொன்றுவிடும். கடல்நீரின் காரத்தன்மையில் அம்மோனியாவின் நஞ்சு இன்னும் கடுமை.

அந்த அம்மோனியாவை ஒருவகை பாக்டீரியா நைட்ரைட்டாக மாற்றும், அதுவும் நஞ்சுதான். இன்னொரு வகை அதை, அவ்வளவாகத் தீங்கில்லாத நைட்ரேட்டாக்கும். இந்த இரண்டு கட்ட வேலையை 1890 வாக்கில் கண்டறிந்தவர் ரஷ்ய அறிவியலாளர் செர்கேய் வினோகிராட்ஸ்கி.

இந்தப் பாக்டீரியாக்கள் பெருகப் பொதுவாக 4 முதல் 6 வாரம் ஆகும். அதுவரை அவற்றுக்குத் தீனியாக அம்மோனியா? ஒரு பச்சை இறாலைத் தொட்டியில் அழுகவிடுவது பழைய வழி. நாற்றத்துக்கு வீட்டில் திட்டு நிச்சயம்! சிலர் அம்மோனியாக் கரைசலையே சொட்டுச் சொட்டாக விடுகிறார்கள். முன்பு டாம்செல் மீன்களைப் பலிகொடுத்தார்கள், தேவையற்ற கொடுமை. சோதனையில் அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் பூஜ்யமானால் மீன் வாங்கப் போகலாம், முதலில் ஒன்றிரண்டு மட்டும்.