தஞ்சோங் பகாரில் ஒரு பழைய எக்ஸ்கவேட்டர்: கட்டுப்படியாகுமா?

வாலிச் தெருவில் 290 மீட்டர் உயரத்துக்கு குவோக்கோ டவர் நிற்கிறது. தெருவின் பெயருக்குரிய வாலிச் குன்றை 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வெட்டி, அந்த மண்ணால் தெலுக் ஆயர் கடலை நிரப்பினார்கள். இந்த வட்டாரத்தில் மண் வேலை இன்றும் ஓயவில்லை. இங்கே சின்னச் சின்ன வேலை எடுக்கும் குத்தகையாளர், பழைய 20 டன் எக்ஸ்கவேட்டரை வாங்கிச் சீர்செய்தால் லாபம் நிற்குமா?

முதல் வரி: 2012

1 ஜூலை 2012 முதல் சிங்கப்பூரில் பயன்படுத்த இறக்குமதியாகும் இவ்வகை டீசல் எஞ்சின்கள் ஐரோப்பாவின் 2ஆம் நிலை, அமெரிக்காவின் 2ஆம் நிலை, ஜப்பானின் 1ஆம் நிலை ஆகிய புகைத் தரங்களில் ஒன்றையாவது எட்ட வேண்டும். 20 டன் வகைக்கு அத்தரங்கள் 2003 வாக்கில்தான் நடைமுறைக்கு வந்தன. ஜப்பானில் மலிவாகக் கிடைக்கிறதே என்று 1990களின் இயந்திரத்துக்கு முன்பணம் கட்டிவிடாதீர்கள். எஞ்சின் தகட்டைப் படித்த பிறகே விலை பேச வேண்டும்.

மண் அளவு

20 × 15 மீட்டர் பரப்பில் 4 மீட்டர் ஆழம் தோண்டினால் 1,200 கன மீட்டர். களிமண் வெட்டியதும் உப்பும். 30 விழுக்காடு சேர்த்தால் 1,560 கன மீட்டர். லாரிக்கு 10 கன மீட்டர் என்றால் 156 நடை.

0.8 கன மீட்டர் பக்கெட் 90 விழுக்காடு நிரம்பினால் ஒரு லாரிக்கு 14 வீச்சு. நல்ல இயந்திரம் வீச்சுக்கு 20 வினாடி எடுத்தால் லாரி 5 நிமிடத்துக்குள் நிறையும். பம்ப் தளர்ந்தது 26 வினாடி எடுத்தாலும் 6 நிமிடம்தான். குறுகலான தெருவில் 20 நிமிடத்துக்கு ஒரு லாரிதான் வந்துசேரும் என்றால், இரண்டுக்கும் வேலை 52 மணி நேரமே. பழைய இயந்திரத்தின் மெதுவோட்டம் இங்கே நட்டமே இல்லை.

செலவு (மாதிரிக் கணக்கு, வெள்ளியில்)

கொள்முதல்: 30,000
சங்கிலி, ரோலர், ஸ்பிராக்கெட்: 12,000
பம்ப், சிலிண்டர் சீல்: 9,000
ஹோஸ், பின், புஷ்: 4,000
ஏற்றி இறக்க: 1,000
மொத்தம்: 56,000

4,000 மணி நேரம் உழைத்தால் மணிக்கு 14 வெள்ளி. புதியது 200,000 வெள்ளிக்கு வாங்கி 10,000 மணி நேரம் ஓட்டினால் மணிக்கு 20. நம் 52 மணி நேர வேலையில் மிச்சம் 312 வெள்ளி.

நின்றால்?

4 மணி நேரம் நின்றால் 12 லாரிகள் காத்துக் கிடக்கும். மிச்சம் பிடித்த 312 வெள்ளியைப் பகிர்ந்தால் லாரிக்கு 26 வெள்ளி. அதற்கு எந்த லாரிக்காரர் சும்மா நிற்பார்? வெளிநாட்டு ஊழியர் தீர்வையும் நிற்காது. கட்டுமானத் துறையில் 2024 முதல் அடிப்படைத் திறன் ஊழியருக்கு மாதம் 900 வெள்ளி, உயர்திறன் ஊழியருக்கு 500. சனிக்கிழமை பழுதானால் ஞாயிறு ஈடுகட்டவும் முடியாது. குடியிருப்புக்கு 150 மீட்டருக்குள் இருக்கும் தளத்தில் சனி இரவு 10 மணி முதல் திங்கள் காலை 7 மணி வரை வேலைக்குத் தடை. 1,848 வீடுகள் கொண்ட பின்னக்கல்@டக்ஸ்டன் இந்த வட்டாரத்தில்தான் இருக்கிறது.

பார்க்க வேண்டியவை

சங்கிலி இயந்திரத்தின் ஆயுள் பராமரிப்புச் செலவில் ஏறத்தாழ பாதி அடிப்பகுதிக்கே போகும் என்பது இத்தொழிலின் பொதுக் கணிப்பு. எனவே முதலில் குனிந்து பாருங்கள். ஸ்பிராக்கெட் பல் ஊசியாகத் தேய்ந்திருந்தால் சங்கிலியும் முடிந்தது. பிறகு, எண்ணெய் சூடேறியதும் பூமை உயர்த்தி எஞ்சினை அணையுங்கள். சில நிமிடத்தில் கண்ணெதிரே இறங்கினால் சீலோ வால்வோ கசிகிறது. புதுப் பெயிண்ட் இவற்றில் எதையும் மாற்றாது.

வேலைக்கு இறக்கும் முன்பே இன்னும் 6,000 வெள்ளி பழுதுபார்ப்புக்குப் போட்டால் மணிக்கு 1.50 வெள்ளி கூடும். இந்த வேலைக்கு 78. அப்போதும் 234 வெள்ளி கையில் மிஞ்சும். தஞ்சோங் பகாரில் பழைய இயந்திரம் மெதுவாக ஓடலாம், நின்றுவிடத்தான் கூடாது. வாங்கும் விலையில் பேரம் பேசுங்கள். பழுதுபார்ப்பில் கையைச் சுருக்காதீர்கள்.