விட்டுவிட்டு மறையும் வழிகாட்டி

முறைக் காய்ச்சல் என்று ஒரு நோய் உண்டு. மருத்துவரிடம் செல்லும் வேளையில் உடம்பு குளிர்ந்திருக்கும். வீடு திரும்பியதும் காய்ச்சல் மீண்டும் ஏறும். இத்தகைய நோயில், 'எப்பொழுது வருகிறது? எவ்வளவு நேரம் நிற்கிறது?' என்ற வினாக்களே மருத்துவருக்குப் பெருந்துணை. இயந்திரங்களுக்கும் இவ்வகை நோய் வருவதுண்டு. சிறு விமானங்களில் ஜி.பி.எஸ். என்னும் இடமறி கருவி சிறிது நேரம் செயலற்றுப் பின் தானே தெளிவது அவற்றுள் ஒன்று. அதன் காரணத்தை எங்ஙனம் கண்டுபிடிக்கின்றனர் என்பதை இங்கே பார்ப்போம்.

பூமிக்கு மேல் ஏறத்தாழ 20,200 கிலோமீட்டர் உயரத்தில் அமெரிக்க நாட்டின் ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்கள் சுற்றி வருகின்றன. இவ்வமைப்பு 1995ஆம் ஆண்டில் முழு அளவில் செயற்படத் தொடங்கியது. ஒவ்வொரு கோளும் தன் இருப்பிடத்தையும், தன் அணுக் கடிகாரம் காட்டும் நேரத்தையும் ரேடியோ அலைகளால் இடைவிடாது அறிவிக்கிறது. நேர் உச்சியிலுள்ள கோளிலிருந்து அலை வந்து சேர, ஒரு வினாடியில் பதினைந்தில் ஒரு பங்கு ஆகும். இந்தக் கால அளவைக் கொண்டே கருவி தொலைவைக் கணக்கிடுகிறது. இடம், உயரம், தன் கடிகாரத்தின் பிழை ஆகியவற்றை அறிய அதற்கு நான்கு கோள்கள் தேவை. அவற்றுள் ஒன்று தவறான செய்தி தருகிறதா என்று சோதிக்க ஐந்தாவது ஒன்றும் வேண்டும்.

அத்தனை தொலைவு கடந்து வரும் அலை மிகமிக நலிந்தது. ஒரு வாட் ஆற்றலைக் கோடி கோடிப் பங்காக்கி, அப்பங்கு ஒன்றை மீண்டும் நூறாகப் பகுத்தால் எவ்வளவோ, ஏறத்தாழ அவ்வளவே பூமியை அடைகிறது. விமானி பேசும் ரேடியோவோ பத்து வாட் அளவில் அலைகளை வீசுகிறது. கடைவீதியின் இரைச்சலில் தொலைவிலிருந்து ஒருவர் முணுமுணுப்பதைக் கேட்பது போன்ற வேலை அன்றோ இது?

வெயில் காயும் நண்பகலில் கருவி மறந்தால் விமானி கீழே நோக்கி ஆற்றையும் சாலையையும் கண்டு செல்வார். மேகத்தினுள் நுழைந்து, ஓடுபாதையை நோக்கி இறங்கும் வேளையில் அது மறந்தால் நிலைமை வேறு. ஆதலின், 'சற்று நேரத்தில் தானே சரியாகிவிடுகிறதே' என்று இக்குறையை அலட்சியம் செய்தல் தகாது.

காரணங்களை நான்காகப் பிரிக்கலாம். முதலாவது, ஏரியலும் அதன் கம்பியும். ஏரியல் விமானத்தின் முதுகில், வானத்தைத் தடையின்றிப் பார்க்கும்படி அமைந்திருத்தல் வேண்டும். அதன் அடியில் மழைநீர் கசிந்தாலும், கம்பியின் இணைப்பில் களிம்பு ஏறினாலும், அதிர்ச்சியில் இணைப்பு தளர்ந்தாலும் அலை விட்டுவிட்டே வரும்.

இரண்டாவது காரணம் வியப்பானது. வீணையின் ஒரு நரம்பை மீட்டினால் அடிப்படைச் சுரத்தோடு, அதன் இரு மடங்கு, மும்மடங்கு அதிர்வுள்ள நுண்ணிய ஒலிகளும் எழுகின்றன. விமானியின் ரேடியோவும் அவ்வாறே. அவர் 121.175 மெகாஹெர்ட்ஸில் பேசினால் அதன் 13 மடங்கான 1575.275 மெகாஹெர்ட்ஸிலும் மெல்லிய அலை எழுகிறது. 131.275இல் பேசினால் 12 மடங்கு 1575.3 ஆகிறது. ஜி.பி.எஸ். கோள்கள் பேசுவதோ 1575.42இல்! அண்டை வீட்டார் கூச்சலில் அந்த முணுமுணுப்பு மூழ்கிவிடுகிறது. விபத்துக் காலத்தில் உதவி வேண்டும் ரேடியோவின் ஏரியல், தான் பேசாதிருக்கும்போதே இந்த அலையை வாங்கித் திருப்பி வீசுவதும் உண்டு.

மூன்றாவது, பயணிகள் கொண்டுவரும் கைப்பேசி, மின்னேற்றி, சிறு காமிரா போன்றவை. நான்காவது, வெளியுலகம். 2012ஆம் ஆண்டில் அமெரிக்காவின் நியூவார்க் விமான நிலையத்தில் ஜி.பி.எஸ். சார்ந்த கருவிகளைக் குழப்பியது, ஒரு வாகனத்திலிருந்த சிறு தடைக்கருவியே எனக் கண்டனர். இயற்கையும் குறுக்கிடும். காந்த நடுக்கோட்டை ஒட்டிய நாடுகளில், சூரியன் மறைந்த பின் மேல்வான மின்மண்டலம் கலங்கி அலைகளை நடுங்கச் செய்வதுண்டு. அக்கோடு நம் நாட்டின் தென்முனையை ஒட்டிச் செல்வதால், இது நமக்கும் உரிய செய்தி.

இனி, ஆய்வு முறை. பறக்கும்போது விமானியின் கடமை விமானத்தைச் செலுத்துவதே; காரணம் தேடுவதன்று. நேரம், இடம், விமானம் சாய்ந்திருந்த பக்கம், அப்போது பேசிய அலைவரிசை ஆகியவற்றைக் குறித்துக் கொண்டால் போதும். சாயும்போது மட்டும் மறைந்தால் இறக்கை மறைக்கிறதா என நோக்குக. ஒரே ஊரின் மேல் எல்லா விமானங்களுக்கும் மறைந்தால் குறை நம்முடையதன்று.

பின்னர்த் தரையில், கட்டடங்களுக்கு விலகித் திறந்த வெளியில் விமானத்தை நிறுத்தி, ஒவ்வொரு கோளின் அலை வலிமையையும் கருவியின் திரையில் காண்க. மற்ற யாவற்றையும் அணைத்து, ஒவ்வொன்றாக இயக்குக. கட்டுப்பாட்டு நிலையத்தாரிடம் அனுமதி பெற்று, ஐயத்திற்குரிய அலைவரிசைகளில் சிறிது நேரம் ரேடியோவை இயக்கிப் பார்க்க. வலிமை சரிந்தால், உதவி வேண்டும் ரேடியோவின் ஏரியல் இணைப்பைத் தற்காலிகமாகக் கழற்றி மீண்டும் சோதிப்பர். சரிவு நின்றால் குற்றவாளி அகப்பட்டது. நில்லாவிடில், பேசும் ரேடியோவின் கம்பியில் அந்த அதிர்வை மட்டும் தடுக்கும் வடிகட்டியைப் பொருத்துவர். இரண்டு கருவிகள் உள்ள விமானத்தில் அவற்றின் ஏரியல் கம்பிகளை மாற்றிப் பொருத்தினால், குறை கருவியோடு செல்கிறதா, கம்பியோடு செல்கிறதா என்பதும் விளங்கும். இப்பணிகளை உரிமம் பெற்ற பொறியாளரே செய்தல் வேண்டும்.

ஒரு வேளையில் ஒன்றை மட்டுமே மாற்றுக, விளைவை எழுதிக்கொள்க, பின்னரே அடுத்ததற்குச் செல்க. ஒரே நாளில் ஏரியலையும் கம்பியையும் கருவியையும் மாற்றினால் குறை மறையலாம். ஆனால் காரணம் மறைந்தே நிற்கும். மாணவர்கள் தம் ஆய்வுக்கூடத்தில் பயில வேண்டிய ஒழுங்கும் இதுவே. காரணம் தெரியும் வரையில், விமானி திசைகாட்டியையும் நிலப்படத்தையும் தரை ரேடியோ நிலையங்களையும் துணைக்கொண்டு பறக்கக் கற்றிருத்தல் நலம்.